பிள்ளையின் பார்வை போகும் வழியில்

ஆட்டிசம் உள்ள ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு முறை ஸ்பீச் தெரபி. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். நகரத்தில் ஓரளவு வசதியோடு இருக்கும் குடும்பத்துக்கே இவ்வளவுதான் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதே பிள்ளை நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 84 மணி நேரம் ஆகிறது. தெரபி நேரம் போக மீதி நேரமெல்லாம் அது யாரோடு இருக்கிறது? அம்மா, அப்பா, பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், பிறகு பள்ளி ஆசிரியர்.

இந்தப் பெரியவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் விடை தேடிவருகிறார்கள். கிடைத்த விடைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டிசம் என்றால் என்ன என்று விளக்குவது பயிற்சியின் தொடக்கம் மட்டுமே. பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் பெரியவர்கள் செய்வது மாறினால்தான் பிள்ளைக்குப் பெரும்பயன். அந்த மாற்றம் உரை கேட்டு வருவதில்லை. செய்து பார்த்து, பக்கத்தில் ஒருவர் இருந்து எடுத்துச் சொல்லி, மறுபடி செய்து பார்த்துத்தான் வருகிறது.

சுட்டும் விரல் எங்கே?

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு வேறுபாடு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. பிறரோடு பேசிப் பழகும் முறையில் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, குறிப்பிட்ட சிலவற்றில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆகியவை இதன் அடையாளங்கள். ஒருவர் பேசவே மாட்டார். இன்னொருவர் ரயில் கால அட்டவணை முழுவதையும் ஒப்பிப்பார். இருவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம்.

பயிற்சியின் தேவையைப் புரிந்துகொள்ள, மற்றப் பிள்ளைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை மதில்மேல் காக்கையைப் பார்க்கிறது. விரலை நீட்டுகிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. மறுபடி காக்கையைப் பார்க்கிறது. அம்மா உடனே “ஆமா, காக்கா!” என்கிறார். குழந்தையின் மனத்தில் காக்கை நிற்கும் அதே நொடியில் அதற்குரிய சொல்லும் வந்து சேர்கிறது. இதை இணைந்த கவனம் என்கிறார்கள். யாரும் பாடம் நடத்தாமலேயே இது ஒவ்வொரு நாளும் எண்ணற்ற முறை நடக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தை அனுப்பும் அடையாளங்கள் பெரும்பாலும் குறைவு. இருப்பவையும் மெல்லியவை, அல்லது நாம் எதிர்பார்க்காத வடிவில் இருப்பவை. விரல் நீட்டாது; அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயருகே இழுத்துப் போகும். தண்ணீர் என்று சொல்லாது. தண்ணீர் குடிக்கும்போது எப்போதோ கேட்ட விளம்பர வரியைச் சொல்லும். முகத்தைப் பார்க்காது, மின்விசிறியின் கீழே நின்று ஒரு கணம் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். இவையெல்லாம் பேச்சுதான். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குப் பேச்சாகத் தெரிவதில்லை.

பிள்ளை பேசவில்லையே என்ற கவலையில் பெரியவர்கள் அதிகம் பேசத் தொடங்குகிறார்கள். “இங்க பாரு. இது என்ன? பந்து சொல்லு. பந்து! என்ன கலர்?” கேள்விமேல் கேள்வி. பிள்ளையின் கவனம் மின்விசிறியில்; அம்மாவின் சொற்கள் பந்தில். இரண்டும் சந்திப்பதே இல்லை. இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. மெல்லிய அடையாளத்தைக் கவனிக்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பழியிலிருந்து பங்காளிக்கு

அம்மாவின் தவறு இல்லை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆட்டிசத்தின் வரலாற்றில் பெற்றோர்மீது சுமத்தப்பட்ட பழி மிகக் கொடியது. அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இத்துறையின் அடிக்கல். அடுத்த சில ஆண்டுகளில் அவரே அந்தப் பெற்றோர்களின் பாசமின்மையைப் பற்றியும் எழுதினார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பெரிய கோட்பாடாக்கினார். தாயின் மனம் குளிர்ந்து உறைந்திருப்பதால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்றார். அவருடைய புத்தகம் 1967இல் வந்து பரவலாகப் படிக்கப்பட்டது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தாங்களே பிள்ளையைக் கெடுத்தோம் என்று நம்பி வெந்தார்கள்.

இதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர்; ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இதன் வேர் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று 1964இல் ஒரு நூலில் வாதாடினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபணுவுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று காட்டினார்கள். கோட்பாடு சரிந்தது.

வடக்கு கரோலினாவில் எரிக் ஷாப்ளர் இன்னும் ஓர் அடி முன்னே போனார். பெற்றோர் காரணம் இல்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள்தான் பிள்ளையைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள், அவர்களையே சிகிச்சையில் பங்காளிகளாக்க வேண்டும் என்றார். 1960களின் பிற்பகுதியில் அவரும் ராபர்ட் ரைக்லரும் தொடங்கிய மையத்தில் ஒருபக்கக் கண்ணாடி இருந்தது. பயிற்சியாளர் பிள்ளையோடு வேலை செய்வதைப் பெற்றோர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். பிறகு இடம் மாறும்: பெற்றோர் பிள்ளையோடு உட்காருவார்கள், பயிற்சியாளர் பார்ப்பார். 1972இல் அந்த மாநிலச் சட்டமன்றம் இத்திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. டீச் என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது.

“எங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று ஆறுதல் சொல்பவர்களும், “செல்போன் குடுத்தே கெடுத்துட்டா” என்று தாயைக் குத்துபவர்களும் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை. வந்தபின் பிள்ளையின் வளர்ச்சிக்கு உதவும் பெரிய வலிமை வீட்டில் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் எந்தப் பெற்றோர் பயிற்சியும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்து நிமிடக் காணொளி

பெற்றோர் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை மிகக் கவனமாகச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனில் நடந்தது. மான்செஸ்டரில் ஜொனாதன் கிரீன் தலைமையிலான குழு இரண்டு முதல் நான்கு வயதுவரையான 152 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான உதவி மட்டும். இன்னொரு பிரிவில் வழக்கமான உதவியோடு பெற்றோருக்குப் பயிற்சியும் உண்டு. முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒருமுறை. அதோடு வீட்டில் நாள்தோறும் அரை மணி நேரம் பெற்றோர் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

அந்தப் பயிற்சி அறைக்குள் நடப்பது எளியது. அம்மாவும் பிள்ளையும் ஏறத்தாழப் பத்து நிமிடம் விளையாடுவதைக் காணொளியாக எடுப்பார்கள். பிறகு அம்மாவும் தெரபிஸ்டும் அதைச் சேர்ந்து பார்ப்பார்கள். பிள்ளை தரையில் கார்களை வரிசையாக அடுக்குகிறது. அம்மா “சிவப்புக் கார் எது?” என்கிறார். பிள்ளை திரும்பவில்லை. “நீலம் எது?” பிள்ளை முதுகைக் காட்டிக்கொள்கிறது. அம்மா சோர்ந்து பேச்சை நிறுத்திவிடுகிறார். சில நொடிகள் அமைதி. அப்போது பிள்ளை ஒரு காரை அம்மாவின் முழங்கால் பக்கம் லேசாகத் தள்ளுகிறது. தெரபிஸ்ட் அங்கே படத்தை நிறுத்தி, “இங்கே என்ன நடந்தது?” என்று கேட்பார். அம்மா தாமே கண்டுபிடிப்பார்: “நான் சும்மா இருந்தப்போதான் அவன் என்கிட்ட வந்திருக்கான்.”

அடுத்த முறை அம்மா கேள்வி கேட்கமாட்டார். பிள்ளையின் பார்வை எங்கே போகிறதோ அங்கே தம் பார்வையைக் கொண்டுபோவார். கார் நகர்ந்தால் “கார் போகுது” என்பார். மோதினால் “டமால்” என்பார். பிறகு வாயை மூடிக் காத்திருப்பார். இந்தக் காத்திருப்புதான் கடினம். பிள்ளை ஏதாவது செய்துவிடாதா என்று துடிக்கும் மனத்துக்கு ஐந்து நொடிகூட நீண்ட காலம். தெரபிஸ்ட் தவறுகளை எண்ணிக்காட்டுவதில்லை. சரியாக நடந்த கணங்களைத் தேடி நிறுத்திக் காட்டுகிறார். குற்ற உணர்ச்சியோடு வந்த தாய்க்கு, தம்மால் முடிந்த ஒன்றைத் தம் கண்ணாலேயே பார்ப்பது பெரிய பலம்.

2010இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பிள்ளையின் கவனத்தோடு ஒத்துப்போகும் பெற்றோர் பேச்சு நன்றாகக் கூடியிருந்தது. பிள்ளை தானாகப் பெற்றோரை நாடுவதும் கூடியிருந்தது. ஆனால் ஆட்டிச அறிகுறிகளின் அளவீட்டில் வேறுபாடு சிறியது. புள்ளியியல்படி உறுதியானதும் இல்லை. இது பலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

குழு அதே பிள்ளைகளை மீண்டும் தேடிப் போனது. பயிற்சி முடிந்து சராசரியாக ஆறு ஆண்டு கழித்து, 121 பிள்ளைகள் கிடைத்தார்கள். அந்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன. தொடக்கத்தில் பயிற்சிப் பிரிவில் 55 விழுக்காட்டுப் பிள்ளைகள் கடுமையான அறிகுறிகளோடு இருந்தார்கள். பிறகு அது 46 ஆனது. மற்றப் பிரிவில் 50 ஆக இருந்தது 63 ஆக ஏறியிருந்தது. பிள்ளையின் பதற்றத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆட்டிசமும் மறைந்துபோகவில்லை. ஆனால் ஓராண்டுப் பயிற்சியின் பயன் ஆறு ஆண்டுவரை நிலைத்தது. பயிற்சியாளர் போய்விட்டாலும் அம்மா வீட்டிலேயே இருக்கிறார் என்பது இதற்கு எளிய விளக்கம்.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும்

மான்செஸ்டரில் சரி, நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் நம் ஊர்களில்? இந்தக் கேள்விக்குத் தெற்காசியாவிலேயே விடை தேடினார்கள். அதே பயிற்சியை இங்குள்ள குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையான 65 பிள்ளைகளின் குடும்பங்களில் சோதித்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் ஸ்பீச் தெரபிஸ்டுகள் அல்லர். மேற்பார்வையோடு பழக்கப்பட்ட உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். மொத்தம் 12 அமர்வுகள். 2016இல் வெளியான முடிவில், பெற்றோரின் ஒத்திசைவான பேச்சு பெரிதும் கூடியிருந்தது. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பும் கூடியிருந்தது. ஒரே பொருளில் இருவர் கவனமும் நிலைத்திருக்கும் நேரம் மட்டும் குறைந்திருந்தது. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு அதுவும் சான்று. ஆனாலும் முக்கியக் கேள்விக்கு விடை கிடைத்தது: நல்ல மேற்பார்வை இருந்தால், சிறப்புப் பட்டம் இல்லாத ஒருவரும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

உலக சுகாதார நிறுவனமும் இதே வழியில் பெற்றோருக்கான திறன் பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. வளர்ச்சியில் தாமதமோ ஆட்டிசமோ உள்ள, இரண்டு முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது அது. ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, துணி மடிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே விளையாட்டையும் பேச்சையும் நுழைப்பது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள். முறையான நோயறிதல் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நம் ஊரில் மாதக்கணக்கில் சான்றிதழுக்கு அலையும் பெற்றோருக்கு இது பெரிய செய்தி. பிள்ளையைக் கவனித்து, காத்திருந்து, அதன் வழியில் போய்ப் பேசுவதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் வராது. ஐயம் எழுந்த அன்றே தொடங்கலாம்.

தெரிவதும் செய்வதும்

விளக்கிச் சொன்னாலே போதாதா, பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். இதையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மையங்களில், ஆட்டிசத்தோடு அடம், கோபம், தாக்குதல் போன்ற சிரமங்களும் உள்ள, மூன்று முதல் ஏழு வயதுவரையான 180 பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆட்டிசத்தைப் பற்றிய விரிவான, தரமான தகவல்களைத் தொடர் அமர்வுகளில் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குச் சிரமமான நடத்தையைக் கையாளும் வழிகளைச் செய்துகாட்டி, செய்யவைத்து, பின்னூட்டம் கொடுத்தார்கள். 24 வாரத்தில், பெற்றோரே மதிப்பிட்ட எரிச்சல் அளவு தகவல் பிரிவில் 31.8 விழுக்காடு குறைந்தது. பயிற்சிப் பிரிவில் 47.7 விழுக்காடு குறைந்தது. 2015இல் வந்த ஆய்வு இது.

தகவலும் வீண்போகவில்லை. பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்தாலே வீட்டில் பாதி அடி குறையும். ஆனால் அதற்கு மேலே போக, கை பழக வேண்டும். நீச்சலைப் புத்தகத்தில் படித்தவர் கிணற்றுக்குள் இறங்கும்போது படும் பாட்டைத்தான், கருத்தரங்கில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வரும் பெற்றோரும் வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியரும் படுகிறார்கள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

ஆசிரியரின் நிலைமை பெற்றோரின் நிலைமையைவிடச் சிக்கலானது. எதிரே ஒரு பிள்ளை இல்லை. முப்பது, நாற்பது பேர். மணி அடிக்கிறது, பெஞ்சு இழுபடுகிறது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். இந்த இரைச்சலில், ஒலியைக் கூர்மையாக உணரும் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால், ஆசிரியருக்கு அது கீழ்ப்படியாமையாகத் தெரிகிறது.

இங்கே ஆசிரியருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் திறன், தண்டிப்பதற்கு முன் துப்புத் துலக்குவது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட வேண்டும்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு என்ன நடந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி பெஞ்சைத் தட்டிக் கத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். “எப்பப் பாத்தாலும் கத்துறான்” என்பது ஆசிரியரின் எண்ணம். ஒரு வாரம் தாளில் எழுதினால் வேறொன்று தெரியும். கணக்கின்போது கத்துவதில்லை. பாட்டின்போது கத்துவதில்லை. கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதச் சொல்லும்போதுதான் கத்துகிறான். மூன்றாவது கட்டத்தைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அவனை வராந்தாவில் நிற்கவைத்திருக்கிறார்கள். வராந்தா அமைதியாக இருக்கிறது; எழுத வேண்டியதும் இல்லை. கத்தினால் எழுதுவதிலிருந்து விடுதலை என்று, தண்டனை கொடுப்பதாக நினைத்தே அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

கத்துவதைப் பேச்சாகப் பார்க்கலாம் என்ற இந்தக் கருத்துக்குப் பின்னால், எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஓர் அழகான பரிசோதனை இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகள். பாடம் கடினமாகும்போது சிலர், பெரியவர்களின் கவனம் குறையும்போது சிலர் முரண்டு பிடித்தார்கள். முதல் வகையினருக்கு “எனக்குப் புரியவில்லை” என்று உதவி கேட்கவும், இரண்டாம் வகையினருக்கு “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்று கேட்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முரண்டு பெரிதும் குறைந்தது. மாறாக, பிள்ளையின் தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தபோது குறையவில்லை. சொல் எதுவாக இருந்தாலும் போதாது. பிள்ளை எதைக் கேட்கக் கத்தியதோ அதையே கேட்கும் சொல்லாக இருக்க வேண்டும்.

நம் பையனுக்கு வருவோம். அவனிடம் ஓர் அட்டை கொடுக்கலாம். அதில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் படம். அட்டையைக் காட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு. கத்தத் தொடங்குவதற்கு முன்பே, முகம் சுருங்கும் கணத்தில், ஆசிரியர் அட்டையை நினைவூட்ட வேண்டும். தொடக்கத்தில் காட்டும் ஒவ்வொரு முறையும் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அட்டைக்கு மதிப்பு உண்டு என்று அவன் நம்ப வேண்டும். பிறகு, “மொதல்ல ரெண்டு வரி, அப்புறம் வெளியே” என்று மெல்ல நீட்டலாம். பத்து வரியை மூன்றாகக் குறைக்கலாம். பலகைக்குப் பதில் பக்கத்தில் ஒரு தாளை வைத்து எழுதச் சொல்லலாம். எப்போதும் ஓய்வே கேட்பானோ என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு வரும். கொடுக்கும் பாடம் அவன் செய்யக்கூடிய அளவுக்கு மாறிவிட்டால், ஓய்வு கேட்கும் தேவையும் குறையும்.

இரண்டாவது திறன், கண்ணால் பார்க்கும்படி நாளை அடுக்கிவைப்பது. காதில் விழும் சொல் காற்றோடு போய்விடும். சுவரில் ஒட்டிய படம் அங்கேயே இருக்கும். இறைவணக்கம், தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு, வீடு என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைத் திருப்பிப் போட்டால், அடுத்து என்ன வரும் என்ற அச்சம் பிள்ளைக்குக் குறைகிறது. டீச் திட்டத்தின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. பள்ளி ஆண்டுவிழா, மருத்துவ முகாம் என்று வழக்கம் மாறும் நாளில், முதல் நாளே ஒரு படத்தை மாற்றிக் காட்டிவிட்டால் பாதிப் போராட்டம் வராது.

மூன்றாவது, இங்கேயும் காத்திருப்பு. 1970களில் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது, சாதாரணப் பிள்ளைகளே நீளமாகவும் தெளிவாகவும் விடை சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படலாம். இடையில் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால், அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே சிறு வாக்கியம், பிறகு அமைதி. இந்த மூன்றும் வகுப்பில் உள்ள மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுகின்றன என்பதை ஆசிரியர் பயிற்சியில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பயிற்சி கூடத்தில் முடிந்துவிடக் கூடாது

நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரு கூடம், ஒரு புரொஜெக்டர், ஒருநாள் கருத்துரை, ஒரு சான்றிதழ். ஆசிரியர் பயிற்சியை நெடுங்காலம் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலிருந்தே ஒன்றை வலியுறுத்தினார்கள்: விளக்கவுரையும் செயல்விளக்கமும் மட்டும் வகுப்பறையில் ஆசிரியர் செய்வதை அதிகம் மாற்றுவதில்லை, பயிற்சிக்குப் பிறகு ஒருவர் வகுப்புக்கே வந்து பார்த்து, பேசி, உடன் நிற்கும்போதுதான் கற்றது பழக்கமாகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. வட்டார வள மையங்களிலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை மட்டும் தனியே அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினால், மறுநாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது. மாறாக, வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மூன்று கட்டத் தாளை ஆசிரியரோடு சேர்ந்து நிரப்பி, அட்டையைப் பயன்படுத்தும் முறையைக் கண்ணெதிரே செய்துகாட்டினால், அவர் வராத நாள்களிலும் வேலை நடக்கும். வீட்டிலும் அதே அட்டை, அதே சொல் இருக்க வேண்டும். பள்ளியில் ‘வெளியே’, வீட்டில் ‘போதும்’, தெரபியில் ‘பிரேக்’ என்று மூன்று விதமாகக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைதான் குழம்பும். பையில் போய்வரும் ஒரு சிறு நோட்டு இதற்குப் போதும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்து, எல்லோரையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்விக்கு ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பயிற்றுவிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் அளவு வகுத்தது. அளவு தாளில் இருக்கிறது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எதற்காகப் பயிற்சி?

கடைசியாக, பயிற்சியின் நோக்கத்தைப் பற்றி. 1987இல் கலிஃபோர்னியாவின் இவார் லோவாஸ், வாரத்துக்கு 40 மணி நேரத் தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் ஒன்பது பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆகிவிட்டார்கள் என்று எழுதினார். அது உலகெங்கும் நம்பிக்கையைப் பரப்பியது. அதே வகைப் பயிற்சியின் தொடக்க காலத்தில் பிள்ளைகளை அறைவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும்கூட நடந்தன. பிற பிள்ளைகளைப் போலத் தோன்றவைப்பதே குறிக்கோள் என்று ஆகும்போது இப்படிப்பட்ட கொடுமைக்குக் கதவு திறந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று இதை உரத்துச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார்: அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதைப் போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறோம்.

ஆகவே ஒவ்வொரு பயிற்சிக் குறிக்கோளையும் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும்: இது பிள்ளைக்கு உதவுமா, அல்லது நம் கண்ணுக்கு மட்டும் நன்றாக இருக்குமா? வலிக்கிறது என்று சொல்லக் கற்பது, கழிவறைக்குப் போகக் கற்பது, வேண்டாம் என்று மறுக்கக் கற்பது ஆகியவை பிள்ளைக்கு உதவும். தாடையைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்கவைப்பது உதவாது. மகிழ்ச்சியில் கை உதறினால் யாருக்கும் கேடில்லை, விட்டுவிடலாம். ‘முழுமையாகக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடமிருந்து விலகி நிற்கக் கற்பதும் பெற்றோர் பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும். ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை; ஆனால் அதற்காக நகையை விற்ற குடும்பங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, பெற்றோர் பயிற்சி என்பது நடைமுறையில் தாய்க்கான பயிற்சி ஆகிவிடுகிறது. சமையல், தெரபி, பள்ளி வாசல், இரவெல்லாம் தூங்காத பிள்ளை எல்லாம் ஒருவர் தலையில். அதற்கு மேல் ‘நாள்தோறும் அரை மணி நேரம்’ என்று வீட்டுப்பாடமும் கொடுத்தால் பயிற்சியே சுமையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் பெற்றோரின் மனநலத்தையும் பாடத்தில் சேர்த்திருப்பது இதனால்தான். அந்த அரை மணி நேரத்தை அப்பா எடுத்துக்கொள்ளலாம். பாட்டியும் தாத்தாவும் எடுத்துக்கொள்ளலாம். காத்திருக்கவும் பிள்ளையின் வழியில் போகவும் அவர்களாலும் முடியும். அமர்வுகளுக்கு அவர்களையும் அழைத்துவர வேண்டும்.

ஒரு பயிற்சியில் சேரும் முன் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க உரிமையுள்ள கேள்விகள் நான்கு. என் பிள்ளையோடு நான் இருப்பதை யாராவது பார்த்துச் சொல்வீர்களா? பயிற்சி முடிந்தபின் மீண்டும் எப்போது வருவீர்கள்? வீடும் பள்ளியும் ஒரே வழியில் போக என்ன ஏற்பாடு? இதில் பிள்ளையின் விருப்பத்துக்கு என்ன இடம்? இவற்றுக்கு விடை இல்லாத பயிற்சி, எத்தனை நாள் நடந்தாலும், தகவல் கூட்டம்தான். இவற்றுக்கு விடை தரும் பயிற்சிக்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஒரு செல்போன் கேமரா, மேற்பார்வையோடு பழகிய ஒரு பணியாளர், அவர் திரும்பத் திரும்ப வந்துபோவதற்கான பஸ் கட்டணமும் சம்பளமும் போதும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் இது நடந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் நடக்க முடியும். அதற்கான பணத்தையும் பணியிடங்களையும் கேட்பது பிச்சை இல்லை. அந்தப் பிள்ளைகளின் உரிமை.